கீழ்வீட்டுக்காரி

ஒக்டோபர் 6

குளிர் வந்துவிட்டது. காலையில் சூட்டைக் கூட்டத் தெர்மோஸ்டாட்டைத் திருகினேன். பேஸ்மென்டில் இருக்கிற ஃபர்னஸ் ஒரு முறை இருமியது, பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். தரையிலுள்ள வென்டின் கம்பிவலைமேல் கையை வைத்துப் பார்த்தேன். வழக்கமாக அதற்குள்ளிருந்துதான் வீட்டுக்கெல்லாம் சூடு வரும். இன்று வந்தது கறிவேப்பிலை வதங்கும் மணம் மட்டும். கீழே என் மனைவி மலர் சமைக்கிறாள்.

மகன் நிரோஷன் கல்கரியிலிருந்து போன் எடுத்தான்.

"அப்பா, அது நாங்கள் வீடு வாங்கேக்கையே கிழடு. ஏசியும் ஜூலையில செத்துப்போச்சு. ரெண்டையும் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுங்கோ. நல்ல ஆளாப் பாத்துப் பிடியுங்கோ."

சரி என்றேன்.

"அம்மா எங்க?"

"கீழ நிக்கிறா."

"இன்னும் கீழயோ?"

"கீழ குளிர்மையடா."

"அப்பா, இப்ப ஒக்டோபர்."

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஒக்டோபர் 7

பின்னால் யாராவது வாசித்தால் பிழையாக நினைக்கக்கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை.

ஜூலை மாதம் ஏசி நின்றுபோனது. எனக்கு அது பெரிய விஷயமில்லை, நான் ஜூலையிலும் போர்த்துக்கொண்டு படுக்கிற ஆள். மலருக்கு வெக்கை ஆகாது. ஒரு நாள் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் கீழ போய்ப் படுக்கிறன்" என்றாள். பேஸ்மென்ட் எப்போதும் குளிர்மை. நல்ல யோசனை என்றேன். அடுத்த நாள் ஃபானைக் கொண்டுபோனாள். பிறகு தையல் மெஷின். மீன் பொரிப்பதற்கென்று கீழே ஒரு அடுப்பு இருக்கிறது, அதில் சமைக்கத் தொடங்கினாள். செப்டம்பரில் முற்றத்துக் கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியோடு உள்ளே எடுத்தபோது அதுவும் கீழேதான் போனது.

முதலில் படியில் நின்று கதைப்போம். அவள் கீழ்ப்படி, நான் மேல்படி. பிறகு கதைக்க அதிகம் இல்லாமல் போனது. இப்போது மத்தியானம் மேல்படியில் மூடி போட்ட சோற்றுக்கோப்பை இருக்கும். சாப்பிட்டுக் கழுவி அதே இடத்தில் வைப்பேன். நான் கீழே இறங்குவதில்லை. எனக்கு முழங்கால் நோவு.

ஒக்டோபர் 10

பெரிய கம்பனி ஒன்றிலிருந்து ஒருவன் வந்தான். கழுத்துப்பட்டி, கையில் டேப்லெட். சப்பாத்தைக் கழற்றாமல் கார்ப்பெட்டில் ஏறினான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அவன் சொன்னதில் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் ஓடுகிற காற்றுக்குழாய்கள் பழசாம், அவற்றை விட்டுவிட்டுச் சுவரில் பெட்டிகள் மாட்டலாமாம். சப்பாத்துத்தான் முக்கிய காரணம்.

ஒக்டோபர் 12

ஹோலில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் போட்டிருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு அதில்தான் சரிகிறேன். தரையில் படுப்பது முதுகுக்கு நல்லது. அந்த இடத்தில் ஒரு வென்ட் இருப்பது தற்செயல்.

ஃபர்னஸ் ஓடும்போது குழாய்க்குள் காற்று இரையும். இப்போது அது கிடையாது. ஆகவே கீழே கதைப்பது தெளிவாகக் கேட்கிறது. மலர் லண்டனில் இருக்கிற தனம் அக்காவோடு போனில் கதைப்பது மூன்று மணிக்குப் பிறகு. வேண்டுமென்று கேட்பதில்லை. காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இன்று கனவு சொன்னாள்.

"அக்கா, நான் ஒரு பஸ்ஸில போறன். பஸ்ஸுக்குள்ள முழங்கால் அளவுக்குத் தண்ணி. வெதுவெதுப்பான தண்ணி. எல்லாரும் காலைத் தூக்கிச் சீட்டில வைச்சுக்கொண்டு சும்மா இருக்கினம். ஒருத்தரும் இறங்கேல்லை. டிரைவர் ரிக்கெட் கேக்கேல்லை. வெளியில ஒரே வெள்ளை, பனியோ முகிலோ தெரியேல்லை…"

அவள் குரல் குழாய் வழியாக வரும்போது கொஞ்சம் இளமையாகிவிடுகிறது. தகரம் அதைக் கழுவி அனுப்புகிறது போல. அப்படியே கண் சொருகிப்போனது. பிறகு நான் அந்தப் பஸ்ஸில் இருந்தேன். தண்ணீர் உண்மையிலேயே வெதுவெதுப்பாக இருந்தது. முன் சீட்டில் அவளுடைய கொண்டை தெரிந்தது. கூப்பிட்டால் திரும்புவாள், ஆனால் எனக்கு நித்திரையாக இருந்தது.

ஒக்டோபர் 13

கனவில் அந்தப் பஸ் இன்றைக்கும் நிற்கவில்லை.

ஒக்டோபர் 15

பிரஷர் குளிசை முடிந்துபோனதைத் தற்செயலாக நினைத்துக்கொண்டு ஃபார்மசிக்குப் போய் எடுத்துவந்தேன்.

நேற்று மலர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இவரின்ர குளிசை இந்தக் கிழமையோட முடிஞ்சிருக்கும். போய் எடுத்தாரோ தெரியாது. தான் இளந்தாரி எண்ட நினைப்பு." அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கனவில் புதிதாக ஒரு ஆள். மலரின் பக்கத்துச் சீட்டுக்காரர். முகம் தெரியவில்லையாம். "ஜன்னலைச் சாத்துங்கோ, குளிருது" என்று நச்சரிக்கிறாராம்.

யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது ஹோல் முழுக்க மஞ்சள் வெயில், சுவரில் மேப்பிள் இலைகளின் நிழல் மீன் மாதிரி நீந்தியது. சிறிது நேரம் எது கனவு என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவசரமில்லை.

ஒக்டோபர் 18

சுகிர்தன் என்று ஒரு தமிழ்ப் பொடியன் வந்தான். பொடியன் என்றாலும் நாற்பது இருக்கும். வீடுகளுக்குச் சூடும் குளிரும் போட்டுக்கொடுக்கிற சொந்தக் கொன்ட்ராக்ட் வேலை. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான். நல்ல வளர்ப்பு.

ஹீட் பம்ப் போடலாம் என்றான். ஒரே மெஷின், மாரியில் சூடு தரும், கோடையில் குளிர் தரும். ஹோலுக்கு வந்து, என் பாயை நகர்த்திவிட்டு, வென்டுக்கு முன்னால் குந்தி டோர்ச் அடித்துப் பார்த்தான்.

"கீழ சமையல் மணம் வருது. ஆரும் வாடகைக்கு இருக்கினமோ அங்கிள்?"

இந்த இடத்தை விவரமாக எழுதவேண்டும். சுகிர்தனின் மாமியார் எங்கள் கோயிலுக்கு வருகிறவர். "மனிசி கீழே இருக்கிறா" என்று சொன்னால், "ஏன் கீழே?" என்ற கேள்வி வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்னமே எங்கள் ஊர் ஸ்காபரோ முழுக்கச் சுற்றி வந்துவிடும். எனக்கே பதில் தெரியாத கேள்வியை மற்றவர்கள் வாயில் கொடுக்க விருப்பமில்லை. ஆகவே,

"ஓம் தம்பி, வாடகைக்கு. ஒரு அம்மா இருக்கிறா" என்றேன்.

"தனியாவோ?"

"தனியத்தான்."

"அப்ப சுகமாப் போச்சு. கீழுக்குத் தனிய ஒண்டு, உங்களுக்குத் தனிய ஒண்டு போடுவம். நடுவில வாற குழாயைத் தகரம் வைச்சு மூடிவிடுறன். அவையின்ர சமையல் மணமும் வராது, கதையும் வராது. வாடகைக்கு விட்டிருக்கிற ஆக்கள் எல்லாரும் இப்ப இப்பிடித்தான் செய்யினம்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். வேறென்ன செய்வது? வாடகைக்காரியின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த வீட்டுக்காரன் சொல்லுவான்?

அப்போது கீழே அகப்பைச் சத்தம் நின்றது. சமையல் முடிந்திருக்கும்.

ஒக்டோபர் 19

மேல்படியில் கோப்பை இல்லை. மலருக்கு வேலையாக இருக்கும். பாணில் ஜாம் பூசிச் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 20

பாண்.

மூன்று மணிக்குப் பாயில் சரிந்தேன். கீழே சத்தமில்லை. தனம் அக்கா எங்காவது போயிருப்பா.

ஒக்டோபர் 22

சுகிர்தன் அளவெடுக்க வந்தான். வெளியால் சுற்றி, வீட்டின் பக்கத்துக் கதவால் கீழே போனவன் திரும்பி வர வெகுநேரம். வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"நல்ல அம்மா அங்கிள். இருந்து சாப்பிட்டுப் போ எண்டு பிடிவாதம். இராலும் முருங்கைக்காயும்."

எனக்கு மத்தியானம் பாணும் ஜாமும்.

"என்ன சொன்னவ?" என்று கேட்டேன், சும்மா.

"வீட்டுக்காரர் எப்பிடி எண்டு நான்தான் கேட்டன். நல்ல மனிசன், ஒரு கரைச்சலும் இல்லை, வாய்தான் திறக்கமாட்டார் எண்டா."

"வேற?"

"எவ்வளவு காலமா இருக்கிறீங்கள் எண்டதுக்கு, எண்ணிப் பாக்கேல்லைத் தம்பி, தலை நரைச்சுப் போச்சு எண்டு சிரிக்கிறா. பகிடிக்காரி. குழாயை மூடுறதைப் பற்றியும் சொன்னனான்."

"அதுக்கு?"

"வீட்டுக்காரர் மூடச் சொன்னால் மூடுங்கோ, நான் ஆர் சொல்ல எண்டா."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டில் இலை கூட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டிக் கூட்டி என்ன, திரும்பவும் விழத்தானே போகிறது. எனக்கு அழவேண்டும் போலிருந்தது.

ஒக்டோபர் 25

வாடகைக்காரியிடமிருந்து சுகிர்தன் மூலம் செய்தி: குளியலறைக் குழாய் ஒழுகுகிறதாம், வீட்டுக்காரர் வசதிப்பட்டால் கவனிக்கட்டுமாம்.

அவசரமில்லையாம்.

ஒக்டோபர் 28

முதல் பனி. யாரும் பார்க்காத நேரத்தில் விழுந்துவிட்டு, பார்த்ததும் நின்றுவிட்டது. வீடு ஒரே அமைதி. மின்சார ஹீட்டர் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு பாயில் படுத்தேன்.

வென்டில் காதை வைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். இவ்வளவு எழுதியாயிற்று, இதில் என்ன வெட்கம். ஒன்றும் கேட்கவில்லை. சங்கைக் காதில் வைத்தால் கேட்கிற மாதிரி ஒரு நெடிய வெறும் இரைச்சல். ஒருமுறை இருமிப் பார்த்தேன். எப்போதோ ஒரு கரண்டி கிணுங்கியது, அதோடு சரி.

தூங்கினேன். பஸ் வந்தது. ஜன்னலெல்லாம் ஆவி படிந்து, உள்ளே மஞ்சள் வெளிச்சம். நான் தரிப்பிடத்தில் நின்று கை காட்டினேன். அது நிறுத்தாமல், சத்தமே இல்லாமல், பனிக்குள் மெல்ல மெல்லப் போனது. எனக்குக் கோபம் வரவில்லை. தரிப்பிடத்தில் நிற்கிறவன் கையை உயர்த்தவேண்டிய அளவுக்கு உயர்த்தவில்லையோ என்று மட்டும் நினைத்தேன்.

ஒக்டோபர் 30

சுகிர்தனுக்குப் போன் எடுத்தேன். வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா, தைப்பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாமா?

"அங்கிள், சாமான் எல்லாம் வந்திட்டுது. இந்தக் குளிரில ஃபர்னஸ் இல்லாமத் தண்ணிக்குழாய் உறைஞ்சு வெடிக்கும். உங்களுக்கு இல்லாட்டியும் கீழ இருக்கிற அம்மாவை யோசியுங்கோ."

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நவம்பர் 4

இன்று வேலை நடந்தது. முழுவதும் எழுதவேண்டும்.

காலையில் சுகிர்தனும் இன்னொரு ஆளும் வந்து பழைய ஃபர்னஸைக் கழற்றினார்கள். பக்கத்துக் கதவால் அதை இழுத்துக்கொண்டு போனபோது பார்த்தேன். இவ்வளவு காலம் எங்களைச் சூடாக வைத்திருந்த பெட்டி, வெளியில் வந்தால் அலுமாரி அளவுகூட இல்லை. வீட்டுக்குள் குளிர் ஏறியது.

மத்தியானத்துக்குப் பிறகு சுகிர்தன் வெட்டின தகரத்துண்டு ஒன்றும் வெள்ளி ஒட்டுநாடாவும் எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தான். கம்பிவலையைத் தூக்கினான். கறுப்பாக ஒரு சதுர ஓட்டை. தகரத்தைப் பொருத்திப் பார்த்தான், அளவு சரியாக இருந்தது.

"மூடாதேயும்" என்றேன்.

"என்ன அங்கிள்?"

"அதை மூடவேண்டாம்."

"மூடாட்டி அவையின்ர சத்தமெல்லாம் வரும் அங்கிள். பிறகு நீங்கள்தான் குறை சொல்லுவீங்கள்."

"வரட்டும்."

அவன் தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அந்த ஓட்டையைப் பார்த்தேன். மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உரத்த குரலில் வந்தது.

"கீழ இருக்கிறது வாடகைக்காரி இல்லைத் தம்பி. அது என்ர மனிசி."

சுகிர்தன் அதிர்ச்சியடைவான் என்று நினைத்தேன். அவன் தகரத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"கோவிக்காதேங்கோ அங்கிள். எனக்கு அண்டைக்கே தெரியும். கீழ தையல் மெஷினுக்கு மேல உங்கட கலியாணப்படம் மாட்டியிருக்கு. மீசையும் நீங்களுமா."

"பிறகேன் சொல்லேல்லை?"

"அன்ரியிட்டைக் கேட்டனான், இது வீட்டுக்காரர் எல்லோ எண்டு. இல்லையாம். இவர் முந்தி இருந்த வீட்டுக்காரராம். இப்ப இருக்கிறவர் வேற ஆளாம்."

பாவம், பகிடி என்று நினைத்துத்தான் சொன்னான். என் முகத்தைப் பார்த்ததும் வெளியில் வேலை இருக்கிறதென்று போய்விட்டான்.

நான் படியால் இறங்கினேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

மலர் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். கோட்டுக்குள் மெலிந்துபோயிருந்தாள். கறிவேப்பிலைக் கன்று நல்ல வளர்த்தி. சிறிய ஜன்னலால் பனி வெளிச்சம் விழுந்து, கேத்தல் ஆவியோடு கலந்து, இடமே ஒரு நித்திரைக்குள் இருப்பது போலிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆர் வேணும்?" என்றாள்.

வழக்கமாக நான் அவளை "இஞ்சரும்" என்றுதான் கூப்பிடுவேன். பெயரெல்லாம் இந்த நாட்குறிப்பில் எழுதுவதோடு சரி. இன்று அது போதாது என்று தெரிந்தது.

"மலர்" என்றேன். "மேல வாரும்."

"ஏன், வாடகை ஏத்தப்போறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொன்னது எனக்குப் பெரிசில்லை. வெக்கம் எண்டால் மனிசர் எதையும் சொல்லுவினம்." அடுப்பைத் தணித்தாள். "வெக்கை போனவுடன கூப்பிடுவியள் எண்டு பாத்தன். பிறகு குளிர் வந்தாலாவது கூப்பிடுவியள் எண்டு பாத்தன். நீங்கள் கோப்பையைக் கழுவிக் கழுவி வைச்சியளே ஒழிய ஒரு வார்த்தை கேக்கேல்லை."

"நீர் வருவீர் எண்டு நினைச்சன்."

"நானாப் போனபடியால் நானாத்தான் வரவேணுமோ?"

ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினாள். இருந்தேன். ஏதாவது பேசவேண்டுமே என்று, "இப்ப தனம் அக்காவோட கதைக்கிறேல்லையோ?" என்றேன். கேட்ட பிறகுதான் மாட்டிக்கொண்டது விளங்கியது.

மலர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அக்காவோட கதைச்சது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"குழாயால கேட்டது. மூண்டு மணிக்கு."

"எங்களுக்கு மூண்டு மணி எண்டால் அங்க இரவு எட்டு. அக்கா ஏழரைக்கே குளிசையைப் போட்டுக்கொண்டு படுத்திடுவா. அந்த நேரம் அவவோட ஆர் கதைக்கிறது?"

மேலே யாரோ நடந்தார்கள். காலடிச் சத்தம் எங்கள் தலைக்கு மேல் சோபாப் பக்கம் போய், சுவரோரம் நின்றது. பாய் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. எல்லாமே அவ்வளவு தெளிவாக.

"அப்ப ஆரோட கதைச்சனீர்?"

மலர் தேத்தண்ணியை ஆற்றி என் கையில் தந்தாள்.

"கேட்டுக்கொண்டிருந்தவரோட" என்றாள்.

நவம்பர் 5

கீழே இருந்து எழுதுகிறேன். புதிய மெஷினுக்கு இன்னும் ஒரு சாமான் வரவேண்டுமாம். மேலே போய் விறைப்பதைவிட இங்கேயே இருங்கோ என்று மலர் சொல்லிவிட்டாள்.

குளியலறைக் குழாயைத் திருத்தினேன். அது உண்மையிலேயே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அவள் தைத்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன கதைத்தோம் என்று எழுதலாமென்றால் ஒன்றும் பெரிதாக இல்லை. கதைத்துக்கொண்டே இருந்தோம்.

நவம்பர் 7

புதிய மெஷின் ஓடத் தொடங்கியது. சத்தமே இல்லை. ஒன்றே போதும், இரண்டு வேண்டாம் என்றேன். சுகிர்தன் மற்றதைத் திருப்பி எடுத்துக்கொண்டான். அவனும் கூட வந்த ஆளும் தையல் மெஷினையும் கறிவேப்பிலைத் தொட்டியையும் மேலே தூக்கிவந்து கொடுத்தார்கள். பின்னால் மலர் தலையணையோடு படியேறினாள்.

வந்த கையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல், தெர்மோஸ்டாட்டைக் குறைத்தாள்.

"குளிருது" என்றேன்.

"ஜம்பரைப் போடுங்கோ."

அவள் சமைக்கக் குசினிக்குப் போனதும் நான் கூட்டினேன். வெளியே வந்து மணம் பிடித்தவள் மாதிரி நேராக அங்கே போய்த் திரும்பவும் குறைத்தாள். "இந்த மனிசனுக்கு எத்தினை தரம் சொல்லுறது" என்றாள். எனக்கும் வாய் இருக்கிறதென்று நானும் இரண்டு சொன்னேன். மத்தியானம் முழுக்க இதே வேலை. சுகிர்தன் காசோலையை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போய்விட்டான்.

இதைச் சண்டை என்றுதான் எழுதவேண்டும். எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ காலம்.